ஜவ்வரிசி மரத்தின் ஊரில்: சரவாக் பயணக் குறிப்புகள்

செவ்வாய், சிபு

சிபு பெரிய சந்தையில் காலை ஏழு மணிக்கே நெரிசல். மலேசியாவின் போர்னியோ தீவுப் பக்கத்து மாநிலமான சரவாக்கில், ரஜாங் ஆற்றங்கரை ஊர் இது. சுற்றுக் காடுகளில் விளைகிறதெல்லாம் இங்கேதான் வந்து குவிகிறது. காட்டுக் கீரை, மூங்கில் குருத்து, புகை போட்ட மீன் எல்லாம் தாண்டிப் போனால் ஒரு பெண்மணி சில பிளாஸ்டிக் தொட்டிகளோடு உட்கார்ந்திருக்கிறார். தொட்டிக்குள் மரத்தூள். அதில் கட்டைவிரல் பருமனில் வெளிர்மஞ்சள் புழுக்கள் நெளிகின்றன. தலை மட்டும் பழுப்பு.

எங்கள் ஆத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற யாரிடம் இதைக் காட்டினாலும் வயிறு எரியும். கூன்வண்டுப் புழு. தென்னையைக் குடைந்து மொட்டையாக்குகிற சிவப்புக் கூன்வண்டுக்கு நாங்கள் பொறி வைத்துத் திரிகிறோம். இங்கே அந்தக் கூட்டத்துப் புழுவை வெட்டிப் போட்ட மரத்துண்டில் வளரவிட்டு, எடுத்து, வறுத்துத் தின்கிறார்கள். நல்ல விலையும் போகிறது.

நான் வந்தது அந்த மரத்துண்டுக்காக. அது சேகோ பனை. மலாயில் ரும்பியா.

எங்கள் ஊரில் ஜவ்வரிசி என்றால் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. அப்பா கிழங்கு போட்டவர். அம்மா சேகோ ஃபேக்டரி களத்தில் மாவு காயவைக்கப் போனவர். ஆனால் இரண்டாம் உலகப் போர் வரைக்கும் இந்தியாவுக்கு ஜவ்வரிசி கப்பலில் வந்தது. மலாயா, சிங்கப்பூர், ஜாவா பக்கத்துச் சரக்கு. போர் மூண்டு, 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும் வரத்து நின்றது. 1943இல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் இந்தத் தொழிலைப் பார்த்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்து பார்த்தார்கள். சேலம், நாமக்கல் வட்டார ஆலைகளெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் வந்தது. இந்தக் கதையை எங்கள் ஊரில் பலர் சொல்வார்கள். அதற்கு முந்தைய கதையை, அந்தக் கப்பல் சரக்கு எந்த மரத்திலிருந்து யார் கையால் வந்தது என்பதை, யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

துணைக்கு ஒரு தங்கை கிடைத்திருக்கிறாள். ஈப்போவில் பிறந்தவள், சிபுவில் பள்ளி ஆசிரியை. மலாய் சரளமாகப் பேசுவாள். ஈப்போ இருக்கிற மலேசியத் தீபகற்பத்துக்காரர்கள் சரவாக்குக்கு வரவே தனி அனுமதி வாங்க வேண்டும் என்று அவள் சொன்னபோது ஆச்சரியமாக இருந்தது. குடிநுழைவு அதிகாரத்தைச் சரவாக் இன்றும் தன் கையில் வைத்திருக்கிறது.

புதன், முக்கா

சிபுவிலிருந்து முக்காவுக்குப் பேருந்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பாதி வழிக்கு ஜன்னலில் ஒரே காட்சி, எண்ணெய்ப் பனை. வரிசை வரிசையாக, நேர்க்கோட்டில். வரிசைகளுக்கு நடுவே நீளநீளமாக வாய்க்கால். தண்ணீர் பாய்ச்ச அல்ல, வடிக்க.

இந்தக் கடலோரத் தாழ்நிலம் பெரும்பாலும் பீட் மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மரமும் இலையும் தண்ணீருக்குள் விழுந்து முழுக்க மட்காமல் சேர்ந்து சேர்ந்து மீட்டர் கணக்கில் படிந்த கறுப்பு மண். தண்ணீர் நிற்கும்வரை அது அப்படியே இருக்கும். வடித்துவிட்டால் காற்றுப்பட்டு மட்கத் தொடங்கும், சுருங்கும், தரை இறங்கும். கோடையில் தீப்பிடித்தால் மண்ணுக்கடியில் நாள்கணக்கில் புகையும். எண்ணெய்ப் பனைக்கு வேர் நனைந்துகொண்டே இருந்தால் ஆகாது, அதனால் வாய்க்கால் வெட்டியே ஆகவேண்டும். சேகோ பனைக்கு வாய்க்கால் தேவையில்லை, சதுப்பிலேயே நிற்கும். நாளை மறுநாள் தோப்புக்குள் போகும்போது இதைக் கண்ணால் பார்க்கலாம் என்கிறாள் தங்கை.

முக்கா சிறிய ஊர். ஆறு கடலில் சேருமிடம். இது மெலனாவ் மக்களின் நாடு. ஒருகாலத்தில் புருணை சுல்தானின் ஆட்சியில் இருந்தது. சரவாக்கின் வெள்ளை ராஜா ஜேம்ஸ் புரூக் 1861இல் இந்தக் கரையைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தார். முக்கியக் காரணம் சேகோதான். முக்கா, ஓயா ஆறுகளிலிருந்து ஈர மாவு கூச்சிங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும். சிங்கப்பூரில் சீனர்களின் பட்டறைகளில் அது கழுவப்பட்டு, உருட்டப்பட்டு, முத்து முத்தாக ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் கப்பலேறும். என் பாட்டி காலத்துப் பண்டிகைப் பாயசத்தில் விழுந்த ஜவ்வரிசியில் இந்த ஆற்றுத் தண்ணீரும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

வியாழன், கம்போங் தெலியான்

முக்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது தெலியான் கம்போங், அதாவது கிராமம். ஆற்றின் கிளைகளுக்கு மேல் கட்டிய ஊர். வீடுகள் கால்கள் மேல் நிற்கின்றன. வீட்டுக்கு வீடு பலகைப் பாதை.

நாங்கள் போன வீட்டின் பெரியவளை எல்லோரும் மக்சிக் (மலாயில் அத்தை மாதிரி) என்று கூப்பிடுகிறார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். எழுபதைத் தாண்டியவர். பாத்திரம் கழுவுவதைப் போட்டுவிட்டு வந்து, "எங்கிருந்து வருகிறாய்?" என்றார். ஜவ்வரிசி செய்கிற ஊரிலிருந்து என்று தங்கை மலாயில் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "உங்கள் ஊரில் எந்த ஆறு?" என்றார். கிழங்கிலிருந்து எடுக்கிறோம், ஆறு கிடையாது, போர் போட்டுத்தான் தண்ணீர் என்று விளக்க நேரமானது. மக்சிக்குக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. ஆறு இல்லாமல் எப்படிச் சேகோ?

இப்போது விற்பனைக்கு யாரும் காலால் மிதித்து மாவெடுப்பதில்லை. வீட்டுக்கும், பார்க்க வருகிறவர்களுக்கும், பேத்திகள் கற்றுக்கொள்ளட்டும் என்றும் எப்போதாவது செய்கிறார்கள். இன்று எங்களுக்காகச் செய்தார்கள்.

மகன் ஒரு முழ நீளத் துண்டைக் கொண்டுவந்து போட்டார். வெளிப்பட்டை இரும்பு மாதிரி. ஆப்பு வைத்துப் பிளந்தால் உள்ளே முழுக்கச் சோறு, மாவு நிறைந்த மென்பகுதி. வெட்டின உடனே வெள்ளையில் லேசான ரோஸ் நிறம். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே காற்றுப்பட்டு அது பழுப்பேறுகிறது. முன்னெல்லாம் ஆணி பதித்த பலகையை இழுத்து இழுத்துத் துருவுவார்களாம். இப்போது சின்ன மோட்டாரில் சுழல்கிற ஆணி உருளை. அது மட்டும்தான் மாறியிருக்கிறது என்றார் மகன். அதற்கப்புறம் எல்லாம் பழையபடி.

ஆற்றின் மேல் நீட்டிக் கட்டிய பரண். அதில் பின்னல் பாய். துருவலைப் பாயில் குவித்து, ஆற்றிலிருந்து வாளியில் மொண்ட தண்ணீரை ஊற்றுகிறார் மக்சிக். குறுக்குக் கம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு துருவலின்மேல் ஏறி நிற்கிறார். மிதிக்கிறார். குதிகால் அழுந்தி, பாதம் அரைவட்டம் திரும்பி, அடுத்த கால். துருவல் ஓரத்துக்கு ஒதுங்கினால் பாதத்தாலேயே நடுவுக்குத் தள்ளுகிறார். மறுபடி தண்ணீர். பாயின் அடியிலிருந்து முதலில் கலங்கலாக, அப்புறம் பால் போல இறங்குகிறது. கீழே படகு வடிவத்தில் குடைந்த நீள மரத்தொட்டி. பால் அதில் விழுந்து மெதுவாகத் தெளிகிறது. லேசாகப் புளித்த வாசம், சேகோ ஃபேக்டரி பக்கம் போகிறவர்களுக்குத் தெரிந்த அதே வாசம்.

என்னையும் ஏறச் சொன்னார். முதலில் நார் உள்ளங்காலைக் குத்துகிறது. கொஞ்ச நேரத்தில் மெத்தென்று ஆகிவிடுகிறது. "விரலால் இல்லை, குதிகாலால்" என்று என் முழங்காலைத் தட்டித் திருத்தினார். மாவு இறங்கி முடிந்துவிட்டதைக் கண்ணால் பார்க்காமலே சொல்கிறார். மாவு போன பிறகு துருவல் பாதத்தில் வழுக்காதாம், சொரசொரவென்று இருக்குமாம். மிச்சச் சக்கையை, எங்கள் ஊர்ப் பேச்சில் திப்பியை, கோழிக்கும் வாத்துக்கும் ஒதுக்கினார்கள்.

மத்தியானம் தொட்டியின் மேல்தண்ணீரை வடித்தார்கள். அடியில் கெட்டியாக, விரலால் அழுத்தினால் கிறீச்சிடுகிற வெள்ளை மாவு. இதற்கு லெமந்தாக் என்று பெயர்.

மக்சிக் சின்ன வயதில் இருந்தபோது வேலை பிரிந்திருந்த விதம் இது: மரம் வெட்டுவதும் துருவுவதும் ஆண்கள், மிதித்து மாவெடுப்பது பெண்கள். ஈர மாவாகத்தான் சீனக் கடைக்குப் போகும். அரிசி, உப்பு, துணி எல்லாம் அதற்கு ஈடாக வரும். போருக்குப் பிறகு இயந்திர ஆலைகள் வந்தன. ஆலைக்கு மாவு வேண்டாம், மரத்துண்டு போதும். ஆண்கள் துண்டை விற்றுவிட்டு வந்தார்கள். பெண்களின் வேலையும், அந்த வேலையால் அவர்களுக்கு வந்த பங்கும் ஆலைக்குள் போய்ச் சேர்ந்தன. "உடம்பு வலி போயிற்று, அது நல்லதுதான்" என்கிறார் மக்சிக். அடுத்த மூச்சிலேயே, "ஆனால் அப்போது மாவுக்காசு என் முந்தானையில் இருந்தது" என்கிறார். (முந்தானை என்பது தங்கையின் மொழிபெயர்ப்பு. மக்சிக் தன் கைலிமடிப்பைத் தட்டிக் காட்டினார்.)

அம்மா வெயிலில் கூலிக்கு மாவு துழாவிய களம் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்திலும் கிழங்கு போடுகிறவருக்குப் பாயிண்ட் கணக்கில் (கிழங்கில் இருக்கிற மாவுச்சத்தின் அளவுப்படி) ஒரு விலை, களத்தில் நிற்கிற பெண்ணுக்குத் தினக்கூலி. மாவு அவர்கள் இருவர் கையிலும் இல்லை.

வெள்ளி, சேகோ தோப்பு

தோப்புக்காரப் பெரியவரைப் பக்சிக் (மலாயில் மாமா மாதிரி) என்று கூப்பிடுகிறோம். அவர் ஜும்ஆ தொழுகைக்குள் திரும்ப வேண்டும் என்பதால் விடியலிலேயே படகில் கிளம்பினோம். இவர் முஸ்லிம், தம்பி கத்தோலிக்கர், ஒரு பெரியப்பா பழைய மெலனாவ் வழிபாட்டிலேயே இருந்து மறைந்தவர். ஒரே குடும்பம், திருவிழா எல்லாருக்கும் பொது. மெலனாவ் வீடுகளில் இது சாதாரணம்.

தோப்பு என்று சொன்னாலும் பார்க்கக் காடுதான். முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர். பாதை என்பது தண்ணீருக்குள் போட்ட கம்புகள். பக்சிக் தலையில் தெரெண்டாக், ஓலையில் முடைந்த அகலத் தொப்பி. ஒவ்வொரு தூரிலும் வாழை போலத் தாயைச் சுற்றிப் பக்கக்கன்றுகள். அவற்றில் சிலதை மட்டும் விட்டு மற்றதைக் கழிப்பார்கள். மட்டையில் முள் இருக்கிற வகையும் உண்டு, இல்லாத வகையும் உண்டு. ஓலை கூரைக்கு, மட்டைக் காம்பு அடுப்புக்கு, பட்டை வழுக்காத நடைபாதைக்கு.

இந்த மரம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூக்கும், பூத்ததும் செத்துவிடும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள், ஆழமான பீட் மண்ணாக இருந்தால் பதினைந்துக்கும் மேல், தின்றதையெல்லாம் மாவாக்கித் தண்டில் சேர்த்து வைக்கிறது. அந்தச் சேமிப்பு முழுவதையும் பூவுக்கும் காய்க்கும் செலவழிக்கத்தான். அந்தப் பூ வெளியே வருவதற்குச் சற்று முன் வெட்டினால் மாவு உச்சத்தில் இருக்கும். தாமதித்தால் தண்டு வெறும் நார். ஆகவே மரத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். கொண்டைக் குருத்து நிமிர்வது, புது ஓலைகள் சிறுப்பது, இதையெல்லாம் பார்த்துச் சொல்கிறார் பக்சிக். சந்தேகம் வந்தால் தண்டில் கொத்தி ஒரு விள்ளல் சோற்றை எடுத்து மெல்லுவார். இன்று மென்றுவிட்டுத் துப்பி, அடுத்த தூருக்குப் போனார். மூன்றாவதாகப் பார்த்த மரம்தான் சரியென்று தேறியது.

சங்கிலி ரம்பம் சில நிமிடங்களில் சாய்த்துவிட்டது. தண்ணீரில் விழுந்த சத்தத்தில் பறவையெல்லாம் கிளம்பின. துண்டு போட்டு, வாய்க்காலுக்கு உருட்டி, துளையிட்டுப் பிரம்பில் கோத்துத் தெப்பமாகக் கட்டினால் படகு இழுத்துப் போகும். ஒரு மரத்தில் காய்ந்த மாவு 150 முதல் 200 கிலோ, நல்ல மரமென்றால் அதற்கும் மேல். உழவு இல்லை, பாத்தி இல்லை. வெட்டின தூரில் அடுத்த கன்று ஏற்கெனவே ஆளுயரம் நிற்கிறது. இந்தத் தூர்கள் பக்சிக்கின் தாத்தா நட்டவை.

எங்கள் ஊரில் பத்து மாதப் பயிருக்கு ஆயிரம் அடி போர் போட்டவர்களைத் தெரியும். இங்கே தண்ணீரை விரட்டாமல், தண்ணீருக்குள்ளேயே ஒரு சோற்று மரத்தை நிற்கவைத்து நாலு தலைமுறை வாழ்ந்திருக்கிறார்கள். பீட் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிர் இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். வடிகால் வெட்டி எண்ணெய்ப் பனை வைக்கிற ஒவ்வொரு ஏக்கருக்கும் முன்னால் யாராவது இந்தத் தோப்பை வந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் பக்சிக்கின் கணக்கு வேறு. எண்ணெய்ப் பனை மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும், அப்புறம் மாதாமாதம் காசு. சேகோ பனைக்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, துண்டுக்குக் கிடைப்பது ஆலைக்காரர் சொல்கிற விலை. பேரன் பிந்துலுவில் எரிவாயு ஆலை வேலைக்குப் போய்விட்டான். "அவனைக் குறை சொல்ல மாட்டேன்" என்றார். மரத்தின் மேல் தப்பில்லை. இவ்வளவு நாள் காத்திருந்தவருக்கு அதற்கான விலை கிடைக்காததுதான் தப்பு.

திரும்பும்போது தங்கை பெனான் மக்களைப் பற்றிச் சொன்னாள். உள்மலைக் காட்டில் அவர்களுடைய சேகோ வேறொரு பனை, மலைச்சரிவுகளில் கூட்டமாக வளர்வது. முற்றிய தண்டை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை விட்டு நகர்வார்கள். ஒரு தூரைக் கண்டவர் அடையாளம் வைத்தால் அதைப் பாதுகாத்துப் பயன்படுத்துவது அவர் உரிமை, பொறுப்பும்கூட. மொலோங் என்பார்கள். மரம் வெட்டும் கம்பெனிகளின் புல்டோசர் அந்தத் தூர்களின் மேல் ஏறியபோது, 1987இல் பெனான் மக்கள் சாலையில் தடுப்புக் கட்டி மாதக்கணக்கில் நின்றார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கூந்தல்பனைச் சோற்றை இடித்து மாவெடுக்கும் வழக்கம் மலைவாழ் மக்களிடம் உண்டு. சாப்பாட்டு மரத்தை இழப்பது என்றால் என்ன என்பதை அவர்களிடம் கேட்டாலும் தெரியும்.

சனி, மக்சிக் சமையலறை

இன்று முழுக்கத் தின்றோம். லெமந்தாக்கைத் தண்ணீரில் கரைத்து, கொதிநீரை ஒரே வீச்சில் ஊற்றிக் கிளறினால் கண்முன்னே வெள்ளை மறைந்து கண்ணாடிக் கூழாகிறது. அதுதான் லினுட். குச்சியில் சுற்றியெடுத்து, பெலாச்சான் சம்பாலில் (இறால் விழுது சேர்த்த மிளகாய்த் துவையல்) தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். தனியாக ருசி ஏதும் கிடையாது. சம்பால்தான் எல்லாம்.

ஜவ்வரிசி உருட்டுவதைத்தான் நான் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். ஈர மாவோடு தேங்காய்த் துருவலும் தவிடும் சேர்த்து, துணியில் போட்டு ஆட்ட ஆட்ட மணிமணியாகத் திரள்கிறது. அதை மண்ணடுப்பில் வறுக்கிறார்கள். சேலத்திலும் தொடக்கத்தில் இப்படித்தான் துணியில் குலுக்கினார்கள் என்று கேட்டிருக்கிறேன். இங்கே கிடைப்பது பழுப்பு நிறக் கறுமுறு மணி. எலுமிச்சையில் ஊறிய பச்சை மீன், வெங்காயம், மிளகாய் சேர்த்த உமாய்க்கு இதுதான் சோறு. கடலுக்குப் போகிற படகிலும் இதுவே, கெடாது. வாழையிலையில் மெல்லியதாகப் பரப்பிச் சுட்ட தெபாலோய் பிஸ்கட்டும் தந்தார்கள். வறுத்த புழுவும் வந்தது. தோல் மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய்.

மார்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் சுமத்ராவின் பான்சூரில் மரத்து மாவில் செய்த பண்டம் தின்றதாக எழுதியிருக்கிறார். பான்சூர் என்பது பாரூஸ் துறைமுகம் என்று சொல்வார்கள். அதே பாரூஸில் அதற்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே, 1088இல், ஐந்நூற்றுவர் வணிகக்குழு தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறது. அந்த வணிகர்கள் இதைத் தின்னாமலா இருந்திருப்பார்கள்?

திங்கள், டாலாட்

ஓயா ஆற்றங்கரையில் டாலாட். முக்காவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆலைப் படித்துறையில் தெப்பம் தெப்பமாக மரத்துண்டுகள். உள்ளே பட்டை உரிப்பது, துருவுவது, கழுவிச் சலிப்பது, மையவிலக்கில் பிரிப்பது, சூடான காற்றில் உலர்த்துவது எல்லாம் இயந்திரம். கடைசியில் கையில் ஒட்டாத மென்மாவு மூட்டையாகிறது. மலேசியா ஏற்றுமதி செய்கிற சேகோ மாவு ஏறத்தாழ முழுவதும் சரவாக்குடையது. ஜப்பானுக்கும் போகிறது. நூடுல்ஸிலும் இனிப்புப் பாகிலும் மறைந்து போகிறது.

ஆலைக்குப் பின்னால் ஆற்றோரம் சக்கை குவிந்து புளிக்கிறது. சேலத்தில் சேகோ ஆலைக் கழிவுநீர் கிணறுகளைக் கெடுத்த கதை எங்களுக்குப் பழக்கம். அப்புறம் பல ஆலைகள் அந்தக் கழிவுநீரை மூடிய தொட்டியில் புளிக்கவிட்டு எரிவாயு எடுத்து எரிக்கத் தொடங்கின. இதை மேற்பார்வையாளரிடம் சொன்னேன். தொட்டியின் அளவு, எத்தனை நாள் புளிக்க வேண்டும் என்றெல்லாம் விவரமாகக் கேட்டார். ஊருக்குப் போனதும் தெரிந்த ஆலைக்காரரிடம் கேட்டுப் படங்களோடு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: கோலாலம்பூரிலிருந்து சிபுவுக்கு விமானம் உண்டு, அங்கிருந்து பேருந்து. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழைக்காலம், தோப்புக்குள் போவது கஷ்டம். ஏப்ரலில் போனால் முக்காவில் மெலனாவ் மக்களின் காவுல் திருவிழாவும் பார்க்கலாம், திபாவ் என்கிற பெரிய ஊஞ்சலில் இளைஞர்கள் ஒருவர்மேல் ஒருவர் தொற்றி ஆடுவார்கள். தெலியானில் தங்க இடம் கிடைக்கும். தெபாலோய், வறுத்த சேகோ இரண்டையும் கம்போங்கிலேயே, செய்கிற பெண்களிடமே வாங்குங்கள். அந்தக் காசு நேராக அவர்கள் கைக்குப் போகும்.